வேலம்மா அக்காவின் பக்கம்

ஏப்ரல் 20

திருவிழா மலர் வேலை முடிந்தது என்று மூச்சு விட்டேன். அதற்குள் கோயில் தலைவர் தங்கையா வந்துவிட்டார். "டீச்சர், பிரிஞ்சாங் டவுன் காய்கறி முதலாளி வாழ்த்து குடுத்திருக்காரு. முன்னுக்கு ஒரு பக்கம் சேத்துடுங்க லா."

பக்கத்து வீட்டு ரூபினி, காலேஜில் படிக்கிறவள், உதவிக்கு வரவா என்றாள். பாலர் பள்ளியில் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் தட்டுகிறவளுக்கு இதற்கெல்லாம் ஆள் வேண்டுமா? வேண்டாம் என்றேன். எப்போதும் போல எண்டரைத் தட்டிக்கொண்டே போனேன், புதுப் பக்கம் வந்தது. முதல் சில பக்கங்களைப் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 22

மழை. பிள்ளைகளுக்கெல்லாம் சளி.

மே 3

மலர் வந்தது. அட்டை அழகு. எல்லாரும் புகழ்ந்தார்கள். கொஞ்சம் மிதந்துதான் போனேன்.

மே 4

எழுதவே கை கூசுகிறது.

கோயிலுக்குப் பூக் கட்டுகிற வேலம்மா அக்காவைப் பற்றி ஒரு பக்கம் வைத்திருந்தேன். மேலே எழுத்து, கீழே அவர் படம். அடுத்த பக்கம் போன வருஷம் இறந்த பூசாரி பக்கிரிசாமிக்கு. முன்னால் புதுப் பக்கம் நுழைந்ததும் எல்லாம் சில வரிகள் கீழே நழுவியிருக்கிறது. அக்கா படம் இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அதற்கு நேர் கீழே 'கண்ணீர் அஞ்சலி', குத்துவிளக்கு. பூசாரி படம் அதற்கும் அடுத்த பக்கத்தில்.

அந்த ஒரு பக்கத்தை யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். ஜோகூரில் இருக்கும் அக்கா மகன் சுகுமாரன் பார்த்துவிட்டு, போன் கிடைக்காமல், காரை எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். வந்தால் அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

பிறகு என் வீட்டுக்கு வந்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. "வர்ற வழியில தாப்பாவுல மால வாங்கினேன் டீச்சர். கார்ல கெடக்கு. அத என்னா பண்றது?"

ஏசியிருக்கலாம்.

மே 5

"அச்சகத்து தப்புன்னு சொல்லிடலாம் டீச்சர்," என்றார் தங்கையா. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஒரு கணம் — சரி என்று சொல்லத்தான் வாய் திறந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் அசிங்கமாக இருக்கிறது. என் கைத்தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 6

அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர். ஆயுசு கெட்டின்னு நெனச்சிக்கிறேன்."

டீச்சர். இந்த லயத்து வரிசை வீடுகளில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். இன்று அவருக்கும் நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

மே 8

ரூபினியிடம் கேட்டேன். கண்ட்ரோல் பொத்தானோடு சேர்த்து ஒரே ஒரு எண்டர். அவ்வளவுதான். அதன்பின் முன்னால் எதைச் சேர்த்தாலும் அடுத்த தலைப்பு புதுப் பக்கத்தில்தான் தொடங்குமாம்.

"இத அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"வரவான்னு கேட்டேனே டீச்சர்."

மே 12

திருவிழா. அம்மனுக்குக் கடைப் பூ. அஞ்சலியில் படம் வந்தவர் கட்டிய பூவை எப்படிச் சாத்துவது என்று யாரோ முணுமுணுத்தது அக்கா காதுக்குப் போயிருக்கிறது. அவர் வரவில்லை. எனக்கு அம்மனைப் பார்க்க முகமில்லை. பிரசாதம் வாங்காமலே திரும்பிவிட்டேன். நான் ஒரு பொத்தானைத் தெரிந்துகொள்ளாததற்கு அவர் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்?

மே 13

தங்கையாவிடம் சண்டை போட்டேன். சத்தமாகவே. அக்காவை அவரே போய் அழைக்க வேண்டும் என்றேன். யோசிக்கிறேன் என்றார்.

மே 23

வெள்ளிக்கிழமை. அம்மன் கழுத்தில் கதம்பச் சரம். பார்த்ததுமே தெரிந்தது, கடையில் இவ்வளவு நெருக்கமாகக் கட்ட மாட்டார்கள்.

தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அக்காவே வந்தார். பையிலிருந்து தன் படம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். சிவப்புப் புடவையில் சிரிக்கிறார்.

"அந்தப் படத்துல மூஞ்சி உம்முன்னு இருக்கு. நெசமா போறப்ப இத போடு. நீயே போடணும், வேற யாருகிட்டயும் குடுக்காத, திலகா."

வேண்டாம் அக்கா என்று சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. வீட்டுக்கு வந்து படத்தை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அதன்பிறகுதான் உறைத்தது, அவர் என்னை டீச்சர் என்று சொல்லவில்லை.