சென்னை வரை வந்துபோன மகளுக்கு

மரக்காணம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் நிவேதாவுக்கு அப்பா வெங்கடாசலம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி கலையரசனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டென்மார்க்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று திரௌபதி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றி இன்னும் எழுதவில்லை, அது பின்னால் வருகிறது. போன் இருக்கும்போது இவர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போன் என்றால் உன் தம்பி போட்டுக் கொடுக்க வேண்டும், அவன் பக்கத்திலேயே நிற்பான், உன் அம்மா கதவோரம் நின்று காது கொடுப்பாள். அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் எனக்கென்று ஒரு காரியம் செய்ய வேண்டும் போலிருக்கிறது. மறைக்க உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா, எனக்கும் தெரியும். நானே தபால் ஆபீஸுக்குப் போய் ஸ்டாம்ப் ஒட்டிப் போடப்போகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. இந்த வருஷம் உப்பு சுமார்தான். சித்திரையில் பெய்யக்கூடாத மழை பெய்து பாத்தியில் விளைந்து நின்றதெல்லாம் கரைந்து போயிற்று, மறுபடி தரையை மிதித்துக் கெட்டியாக்கி, தண்ணீர் பாய்ச்சி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் இறைக்கிற மோட்டார் வேறு எரிந்துபோய், புதுக் காயில் கம்பி சுற்றினோம். நம் உப்பளத்தில் உப்பு வாரும் ஜான்சியின் மகள் பூஜா புதுச்சேரியில் நர்சிங் சேர்ந்துவிட்டாள், ஜான்சி அளத்துக்கே லட்டு கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள், அக்காவிடம் சொல்லச் சொன்னாள் அந்தப் பெண். உன் தம்பி இந்த வருஷம் தீமிதிக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டு இறங்கினான். எதற்குடா வேண்டுதல் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்றான். பொய் புரட்டெல்லாம் அம்மன் மன்னிக்கட்டும் என்று இறங்கியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏழாவது படிக்கும்போது லீவுக்கு இரும்பையில் உன் அத்தை வீட்டுக்குப் போய், ஆரோவில்லில் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் அந்தக் கிளிங்கான் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்தாய். வந்ததும் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தாய். தொண்டையில் முள் சிக்கினவர்கள் மாதிரி இரண்டு பேரும் வீட்டுக்குள் கத்திக்கொண்டு திரிவீர்கள், உன் அம்மா சளி பிடித்துவிட்டதென்று ஓமக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். டிவி சீரியலில் வரும் சண்டைக்கார ஜாதிக்காக யாரோ உட்கார்ந்து உண்டாக்கின பாஷை என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். சொந்தப் பிள்ளைகள் நம் எதிரிலேயே நமக்குப் புரியாமல் பேசுகிறார்களே என்று கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று விட்டுவிட்டேன். நீ டென்மார்க் போன பிறகுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வெளியே போயிருந்த நேரத்தில் நீயே கூப்பிட்டபோது, எனக்கும் சொல்லிக் குடு பாப்பா என்று கேட்டேன், அவனுக்குத் தெரிய வேண்டாம், கிண்டல் பண்ணுவான் என்றும் சொன்னேன். நீ சிரித்துவிட்டுச் சரிப்பா என்றாய். வீட்டுக்கு வந்தவனை வாங்க என்று கூப்பிட ஒரு வார்த்தை கிடையாது, உனக்கு என்ன வேணும் என்றுதான் கேட்பார்கள் என்றாய். கொல்லுவதற்கு மட்டும் மூன்று வார்த்தை, சும்மா கொல்லுவதற்கு ஒன்று, கொலை செய்வதற்கு ஒன்று, தண்டனையாகக் கொல்லுவதற்கு ஒன்று. இதுக்கும் அதுக்கும் என்னம்மா வித்தியாசம் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், நீயும் சலிக்காமல் பிரித்துப் பிரித்துச் சொல்லுவாய். அளத்தில் வரப்பு மேல் நடக்கும்போது அதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். உலகத்தில் எனக்கும் என் மகளுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சங்கதி என்று எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. அப்புறம் உனக்கு வேலை கூடிப்போய் அந்தப் பாடம் நின்றுவிட்டது. நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, இந்தக் கிழவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று நீ நினைத்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை கலையரசன் தாழ்வாரத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து உன்னோடு பேசினான். நான் பக்கத்தில் கயிறு முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு நான் இருப்பது தெரியாது, எனக்கு அந்தப் பாஷை தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. வழக்கம்போல அந்தப் பாஷையில்தான் பேசினான். நானும் வழக்கம்போலக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னை என்றான், அதோடு 'பவ்' என்றான். போய்ச் சேருவதற்கு அந்த வார்த்தை, எந்த ஊரில் போய் இறங்கினாலும் அதுதான் என்று நீதான் சொன்னாய். உடனே டென்மார்க் என்றான், அதற்கு 'ச்செக்' என்றான். கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போவதற்கு அது. உப்பு ஏற்றின லாரி வானூரில் போய் நின்றால் பவ், காலியாக மரக்காணத்துக்கு வந்தால் ச்செக் என்று எனக்குப் புரிகிற மாதிரி உதாரணம் சொன்னவளே நீதான் அம்மா. நான் தப்பாகப் பிரித்துக்கொண்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வயசாகிவிட்டது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறேன், சென்னைக்குத் திரும்பி வந்து டென்மார்க்குக்குப் போய்ச் சேர்ந்தாள் என்றல்லவா இருக்க வேண்டும் என்று யோசித்தேன். அப்புறம் நீ அம்மாவைப் பற்றி ஏதோ கேட்டாய், அவன் சிரித்தான். நான் கயிற்றைக் கீழே போட்டேன்.

எழுந்து நேரே அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம், நிவேதா சென்னைக்கு வந்திருந்தாளா என்று கேட்டேன். உன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின மீனையே மறுபடி மறுபடி கழுவினாள். நான் நகராமல் நின்றதும் தட்டை வைத்துவிட்டு, ஆபீஸ் வேலையா வந்தா, நாலஞ்சு நாள் இருந்துட்டுப் போயிட்டா என்றாள். நீ பாத்தியா என்றேன். பார்த்தேன் என்று தலையை ஆட்டினாள். கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கலையரசனோடு சென்னைக்குப் போனாளே, அது உன்னைப் பார்க்கத்தான். நான் சந்தேகப்படக் கூடாதென்று வரும்போது கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைக் காலையிலும் சாயங்காலமும் அவளைப் படுக்க வைத்து ஊற்றினது யார் தெரியுமா, நான்தான். வலிக்குதா அம்சா என்று கேட்டுக் கேட்டு ஊற்றினேன். அவளும் படுத்துக்கொண்டு ஊற்ற விட்டாள்.

அதைவிட அந்தப் பார்சலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மழைக்குப் பிறகு முதலில் வாரின உப்பு, உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு, எல்லாம் நானே கட்டி, சென்னையில் கூரியரில் போட்டுவிடுடா என்று உன் தம்பியிடம் கொடுத்து அனுப்பினேன். அதற்கு அடுத்த நாளே வீடியோவில் வந்து உப்பைக் கையில் அள்ளிக் காட்டினாய். அதுக்குள்ளவா வந்துடுச்சு என்று நான் வாயைப் பிளந்தேன், கூரியர்லாம் இப்போ ரொம்ப ஸ்பீடுப்பா என்றாய். உனக்குப் பின்னால் திரை இழுத்து விட்டிருந்தது. அங்கே குளிர் போலிருக்கிறது, கம்பளி போட்டுக்கொள் என்று சொன்னேன், சரிப்பா என்றாய். சென்னை வெயிலில் இருந்துகொண்டு சரிப்பா என்றாய். நான் டீக்கடைக்குப் போய் அர்ச்சுனனிடம், உப்பளத்திலிருந்து டென்மார்க்குக்கு ஒரே நாளில் பார்சல் போகிறது, நாமதான் விவரமில்லாமல் லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று பெருமை அடித்தேன். அவன் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனிடம் போய் நான் என்னவென்று சொல்லுவேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்றதும் உனக்குப் பயம் வந்து, தம்பி போனுக்கு நீ அனுப்பினதை அவன் படித்துக் காட்டினான். நான் பொய் சொல்லலப்பா, சொல்லாம வச்சிருந்தேன், ரெண்டும் வேற வேற, நான் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கேனே என்று எழுதியிருந்தாய். ஆமாம், தந்திருக்கிறாய். பொய் சொன்னால் 'நெப்', ரகசியமாக வைத்துக்கொண்டால் 'பெக்'. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ வந்ததை என்னிடம் சொல்லாதது பெக் என்றே வைத்துக்கொள்கிறேன். கூரியர் ஸ்பீடு என்றாயே, அது எது? உன் அம்மா கண்ணைக் காட்டிக்கொண்டு படுத்தாளே, அது எது? எனக்கு ஆசையாகச் சொல்லிக் கொடுத்ததை எடுத்து எனக்கே சாக்காகக் காட்டுகிறாய். இதற்கு உங்கள் பாஷையில் என்ன வார்த்தையோ, அந்தப் பாடம் வருவதற்குள் நிறுத்திவிட்டாய். தமிழில் துரோகம் என்று சொல்லுவோம். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் இருக்கிறது. பெற்ற பெண் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்திருக்கிறாள், நான் மட்டும் அளத்தில் வெயிலில் நின்றிருக்கிறேன்.

எதுக்கு இப்படிப் பண்ணா என்று உன் அம்மாவை உலுக்கிக் கேட்டேன். கடைசியில் சொன்னாள். போன தடவை ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேனே, காவலுக்கு நின்ற ஆள் நாற்காலி கொண்டுவந்து போட்டானே, அதை நீ உள்ளேயிருந்து பார்த்தாயாம். அங்கே போய்ப் பல நாள் உன்னால் வேலையே பார்க்க முடியவில்லையாம். அப்பாவ இன்னொரு தடவ அப்படிப் பாத்தா நான் ஏற மாட்டேம்மா, அதனால அவருக்குச் சொல்லாத என்றாயாம். உன் அம்மா அழாமல் வழியனுப்புவாள், அதனால் அவள் பார்க்கலாம். தம்பி அழமாட்டான், அவனும் பார்க்கலாம். அழுகிறவனுக்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டீர்கள். இதைக் கேட்டு எனக்குக் கோபம் குறைய வேண்டும் என்று உன் அம்மா எதிர்பார்த்தாள். குறையவில்லை, கூடத்தான் செய்தது. அவளோடு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேசுகிறேன்.

நீ சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, வேலை வேலை என்று உட்கார்ந்தே இருக்காதே. கருவாட்டை டப்பாவில் அடைத்து மூடி வை, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசனைக்குச் சண்டைக்கு வரப்போகிறார்கள். தம்பியை நீ திட்ட வேண்டாம், நான் போதுமான அளவுக்குத் திட்டிவிட்டேன். திரௌபதி அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கோபத்தில் இருந்தாலும் என் ஆசீர்வாதம் உனக்கு முழுசாக உண்டு, அதில் நான் பிடித்தம் செய்யமாட்டேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை அழமாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்தால் நீ நேரே வீட்டுக்கு வருவாய் என்று உன் அம்மா சொல்கிறாள். அப்படி எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் காகிதத்தையே எடுத்தேன். எழுதினால் பொய்யாகிவிடும், மகளே. நான் அழுவேன். நீ வா.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அப்பா,
வெங்கடாசலம்