ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஏழு கிளினிக்குகள்

நைட்கிளிஃப், டார்வின்
பிப்ரவரி 19

என் செல்ல மகள் செவாஸ்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், மழை மட்டும்தான் நிற்கவில்லை. ஹாலிஃபாக்ஸ் பனியில் உன் இருமல் விட்டதா என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும், போனில் கேட்டால் விட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருமுகிறாய். இங்கே துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் வீடெல்லாம் தொங்குகிறது, மாடிப்படியில் பாசி பிடித்து அப்பா ஒரு தடவை வழுக்கினார், அடி ஒன்றும் இல்லை, கோபம்தான். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை எல்லாம் இன்று உட்கார்ந்து ஒழுங்காக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது, அதை என்னால் போனில் சொல்ல முடியாது.

போன ஆகஸ்டில் சுகாதாரத் துறை டெண்டர் மறுபடி வந்தது, காட்டுப்புறத்தில் இருக்கும் பத்தொன்பது கிளினிக்குகளின் கம்ப்யூட்டர், சாட்டிலைட் இணைப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அதற்குமேல் ஏழு இணைப்புகள். சிட்னி கம்பெனிகளில் இதை எழுதவே பத்துப் பேர் இருக்கிறார்கள். நம் சின்னக் கம்பெனியில் நான், அப்பா, லூர்தெஸ். திமோர்க்காரப் பெண், நீ போன பிறகு வேலைக்குச் சேர்ந்தாள் என்று சொன்னேனே, அவள்தான். நான் போடவே வேண்டாம் என்றேன். அவளோ, "ஆன்ட்டி, நீங்க ஒரு காபி போட்டுட்டு வாங்க, அதுக்குள்ள ஏஐ படிச்சிரும்" என்றாள். நான் அடுப்பில் பிரிக்கிக் காபிப் பாத்திரத்தை வைத்து, நுரை பொங்குவதற்குள் இறக்கி, இரண்டு கப்பில் ஊற்றிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் நேரம். திரையில் நூற்று நாற்பத்து மூன்று வரிகள், துறை கேட்கும் ஒவ்வொன்றும், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்று. தொண்ணூற்று ஏழாவது வரியைப் பார்த்ததும் கப்பை மேசையில் வைத்துவிட்டு மறுபடி படித்தேன். நான்காம் இணைப்பின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில், ஒரு படிவம் கையெழுத்திட்டு வைக்காவிட்டால் மற்ற எதையும் படிக்காமல் தள்ளிவிடுவோம் என்று இருந்தது.

செவாஸ்தி, மூன்று வருடத்துக்கு முன் நாம் தோற்றது அந்தப் படிவத்தால்தான். நீ கனடா போன மறு மாதம் நான் தனியாக எழுதி அனுப்பினேன், அந்தக் குறிப்பை நான் பார்க்கவே இல்லை. நாம் எழுதியதை அவர்கள் படிக்கவே இல்லையாம். நீ போனில் அழுதுகொண்டு, நான் போனதால்தானே அம்மா என்று கேட்டாய். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வெட்கம். நீ அதை உன் குற்றம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. அன்றைக்கு அந்தத் திரையின் முன்னால் நான் அழுததைப் பார்த்து லூர்தெஸ் பயந்துபோனாள்.

பிறகு அப்பாவின் பதினொரு வருட வேலைக் குறிப்புகளை அதற்குக் கொடுத்தோம். நோயாளி பெயர் எதுவும் உள்ளே இருக்கிறதா என்று லூர்தெஸ் இரண்டு நாள் முதலில் பார்த்தாள். அப்பா எழுதுவது உனக்குத் தெரியும், பாதி கிரேக்கம், பாதி ஆங்கிலம், எழுத்துப் பிழை ஒரு கூடை. அத்தனையையும் அது படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் உங்கள் ஆள் முதலில் தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்ப அலாரத்தைத்தான் சரிபார்த்திருக்கிறார், வரச்சொன்ன வேலை வேறாக இருந்தாலும். இது உங்கள் கம்பெனியின் விதியா என்று. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "விதியுமில்ல ஒண்ணுமில்ல. நான் அப்படியா செய்றேன்? எனக்கே தெரியாதே" என்றார். நாற்பது வருடம் கூடக் குடித்தனம் செய்த எனக்கும் தெரியாது. வந்து ஒரு வாரம் ஆகாத ஒன்றுக்குத் தெரிந்திருக்கிறது. நம் நடை அதற்குப் பிடிபடட்டும் என்று நீ எழுதிவைத்த பழைய டெண்டர் பதில்களையும் கொடுத்திருந்தோம். முதல் வரைவை வாசித்த அப்பா தலையைத் தூக்கி, "இத எப்ப அனுப்புனா செவாஸ்தி?" என்று கேட்டார். கஷ்டமான விஷயத்தை முதல் வரியிலேயே போட்டு உடைப்பாயே, அதே மாதிரி. நான் அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

ஆனால் அதிலேயே ஒரு பொய்யும் இருந்தது. பத்தொன்பது கிளினிக்குகளுக்கும் ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆள் வந்து சேருவார் என்று, அவ்வளவு அழகாக எழுதியிருந்தது. அப்பா அந்த இடத்தில் விரலை வைத்து, "ஆறு நெறஞ்சு ஓடும்போது யாரு வருவா, முதலையா?" என்றார். எனக்கு அந்த வரியை எடுக்க மனமில்லை. நூற்றுக்குப் பத்து மதிப்பெண் அதற்கு. "எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க, நாம மட்டும் முடியாதுன்னா தூக்கிப் போட்டுருவாங்க. லூர்தெஸுக்கு வேலை வேணாமா?" என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "சரி லீனா, கெரினுக்குப் போன் போட்டு நீயே அந்த வாக்கக் குடு" என்று போனை என் முன்னால் தள்ளினார். கெரின் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளினிக்கில் நர்ஸ், ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறாள். என்னால் அந்த வாக்கைக் கொடுக்க முடியவில்லை, மழையில் இணைப்பு போனால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். போன மழைக்கு நான்கு நாள் போய்விட்டதாம், ஒரு கைக்குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் அவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளாம், குழந்தை பிழைத்தது. "நீங்க வர வேணாம் தெமலீனா. இணைப்பு போனா நானே மாட்டுற மாதிரி ஒரு மாத்துப் பெட்டிய இங்கயே வச்சிட்டுப் போங்க. எந்த ஒயரு எங்கேன்னு கலர் போட்டுக் குடுங்க. ஊசி போடத் தெரிஞ்சவளுக்கு ஒயரு மாட்டத் தெரியாதா?" என்றாள்.

அந்தப் பதிலை நானே எழுதினேன். ஏழு கிளினிக்குகளுக்கு மழைக்காலத்தில் எங்களால் வர முடியாது என்று முதல் வரி, பிறகு பெட்டி, பிறகு நர்ஸுக்குப் பயிற்சி. ஏஐயிடம் கொடுத்ததும் அது அப்பாவின் குறிப்புகளிலிருந்து ஒவ்வொரு வருடமும் எந்தப் பாதை எந்த வாரம் அடைபட்டது என்று ஒரு அட்டவணையே போட்டுத் தந்தது. அப்பா சும்மா, ரோடு இல்லை திரும்பிவிட்டேன் என்று எழுதிவைத்தவை எல்லாம் அதில் சாட்சியாக வந்து நின்றன.

நவம்பரில் துறையிலிருந்து கார்மெல் என்ற அம்மாள் கூப்பிட்டார். பத்தொன்பதும் வரவில்லை. பன்னிரண்டு வேறு கம்பெனிக்கு, வெள்ளத்தில் துண்டிக்கப்படும் ஏழும் நமக்கு. "அஞ்சு பேரு இருபத்து நாலு மணி நேரம்னு கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்த எழுதியிருந்தாங்க. உங்களோடதுல மட்டும்தான் முடியாதுன்னு இருந்துச்சு, ஏன்னும் இருந்துச்சு" என்றார். அப்பாவிடம் சொன்னேன். "கஷ்டமானது ஏழும் நம்ம தலையிலயா!" என்று சிரித்தவர், மழைக்குள் ஏழு பெட்டியும் போய்ச் சேர வேண்டும் என்று அப்போதே லாரிக்காரனுக்குப் போன் போட்டார்.

போன செவ்வாய்க்கிழமை காலை கெரின் கூப்பிட்டாள். இடி விழுந்து இணைப்பு போய்விட்டது, ஆறு பாலத்துக்கு மேலே. லூர்தெஸ் போனில் சிவப்பு, பச்சை என்று சொல்லச் சொல்ல அவள் மாட்டினாள். இருபத்தாறு நிமிடம். அப்பா பூட்ஸ் மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். "வந்திருச்சு" என்று கெரின் சொன்னதும், பின்னாலேயே ஒரு குழந்தை அழும் சத்தமும் போனில் கேட்டது, ஊசிக்குக் காத்திருக்கும் குழந்தையாக இருக்கும். அப்பா குனிந்து, மெதுவாக, ஒரு பூட்ஸைக் கழற்றினார், பிறகு மற்றதை.

திங்கட்கிழமை நம் கிரேக்கச் சபையின் தவக்காலம் தொடங்குகிறது, இருமல் இருக்கும்வரை நீ நோன்பு இருக்க வேண்டாம், நான் சொன்னேன் என்று சாமியாரிடம் சொல். தலையில் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. நான் மேலே எழுதியதற்கு உனக்குக் கோபம் வந்தால் கோபமாகவே பதில் எழுது, வாங்கிக்கொள்கிறேன், எழுதாமல் மட்டும் இருக்காதே. மாதா உன் கூடவே நடக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும்.

அப்பாவின் முத்தங்களோடு,
உன் அம்மா
தெமலீனா