போத்தனூர் யார்டில் உறங்கிய வண்டுகள்

டீச்சர்,

இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் பார்த்தீனியத்தை, அதுதான் நம் காங்கிரஸ் செடியை, மிதித்துவிட்டேன். போத்தனூர் ரயில்வே சுவரை ஒட்டி அது இன்னும் இடுப்பளவு வளர்ந்துதான் கிடக்கிறது. நேற்று பெய்த கோடை மழையில் நனைந்து, செருப்புக்கடியில் நசுங்கி, அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. வழக்கம்போல இரண்டு தும்மல். மூன்றாவது வருவதற்குள் நீங்கள் நினைவில் வந்து நின்றுவிட்டீர்கள். பால் பாக்கெட்டும் கையுமாக நடு ரோட்டில் நான் நிற்க, பின்னால் பைக்கில் வந்தவர் "ஏனுங்கம்மா, சித்தெ ஓரமா நின்னு ரோசனை பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஊரில் திட்டுவதற்கும் ஒரு 'ங்க' வேண்டும்.

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தும் நான் உங்களுக்கு டீச்சர், நீங்கள் எனக்கு டீச்சர். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்குப் பௌதிகம், உங்களுக்கு விலங்கியல். ஸ்டாஃப் ரூமில் எனக்கு வாய் நீளம், உங்களுக்குப் பொறுமை நீளம்.

தொண்ணூறுகளில் நமக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இருந்ததா என்ன? பரீட்சைப் பேப்பர் திருத்தப் போக வேண்டும். அதை விட்டால் தேர்தல் வேலை. அதுவும் இல்லாவிட்டால் வீட்டில் வடகம் பிழிய வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில்தான் அந்தச் சர்க்குலர் வந்தது. பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் கோடையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று. நான் படித்துவிட்டு, "வெயில்ல போயி டெஸ்ட் ட்யூப் கழுவச் சொல்லுவாங்க, வேற வேலை இல்லைங்களா" என்று தூக்கிப் போட்டேன். நீங்கள் அதை எடுத்து மறுபடியும் படித்தீர்கள். யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டீர்கள். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளையும் ஒரு தோட்டத்தையும் வைத்துக்கொண்டு!

உங்களுக்குக் கிடைத்த வேலையைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பு எனக்கே ஞாபகம் இருக்கிறது. காங்கிரஸ் செடியைத் தின்னும் ஒரு வண்டு. மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து விட்டதாம். மழை நின்றால் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், அடுத்த மழைக்கு எழுந்து வரும். எவ்வளவு ஆழத்தில் படுக்கிறது, எவ்வளவு மழைக்கு எழுகிறது என்பதை நம் மண்ணில் பார்க்க வேண்டும் என்றாராம் அந்த விஞ்ஞானி சார். அதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் போத்தனூர் யார்டின் ஓரம்.

ஒரு நாள் வேடிக்கை பார்க்க வந்தேன். தலையில் ஈரத்துண்டு, இடுப்பில் செருகிய சேலை, கையில் தோசைத்திருப்பி. தோசைத்திருப்பியால் மண்ணைச் சுரண்டி, மாவு சலிக்கும் சல்லடையில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தீர்கள். கேட் கீப்பர் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்து, "ஏனுங்க அம்மணி, தோடு கீடு தொலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வண்டு தூங்குதுங்க. பாத்துட்டிருக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

செடி பட்டு முழங்கை வரைக்கும் தடித்துச் சிவந்திருந்தது உங்களுக்கு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடியும் சுரண்டினீர்கள். "உங்களுக்கு என்னத்துக்குங்க இந்த வெசனம்?" என்று கடிந்துகொண்டேன். அப்போது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அந்த சார் என்கிட்ட கேக்கறாருங்க டீச்சர், நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு. புஸ்தகத்துல பதில் இல்லாத கேள்விய என்கிட்ட ஆருங்க இதுவரைக்கும் கேட்டிருக்காங்க?"

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. மேகம் பாலக்காட்டுக் கணவாய் வரைக்கும் வந்து திரும்பிவிடும். வண்டு எழவில்லை. ஆனால் எங்கே படுத்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு கோடை கிடைத்தால் முடித்துவிடலாம்.

கடைசி நாள் முடிந்து, பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். முகமெல்லாம் வெளிச்சம். அடுத்த வருடமும் வருகிறீர்களா என்று சார் கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாமுன்னேனுங்க."

என்னவென்று சொன்னீர்கள் என்று துருவினேன். அந்தச் சார் வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. அதனால் நீங்கள் இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கிறீர்கள்: "நோ நோ சார், வொய் ட்ரபிள் ஃபார் யூ?"

"அட கடவுளே! ஏனுங்க டீச்சர் அப்படிச் சொன்னீங்க?"

"அதெப்படிங்க, கேட்ட ஒடனே சரின்னு சொல்றது? அலையறாப்ல இருக்காதுங்களா? இன்னொரு தடவை கேப்பாருங்க. அப்பச் சொல்லிக்கலாம்."

நம் ஊரில் ஒரு டம்ளர் காப்பி வாங்கவே அப்படித்தானே. முதலில் வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேனுங்க. அடுத்து, உங்களுக்கு எதுக்குங்க சிரமம். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால்தான் கை நீளும். வற்புறுத்தாதவர் மனசில்லாமல் கேட்டவர். பாவம், அந்த மனிதருக்கு இது எப்படித் தெரியும்? 'ஓகே, ஓகே' என்றாராம். வேண்டாம் என்றதை அப்படியே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த வருடம் முழுக்க நீங்கள் காத்திருந்தீர்கள். ஆபீஸில் போன் அடித்தால் உங்கள் தலை நிமிரும். மறு கோடைக்கு வேறொரு பள்ளியிலிருந்து ஒருவர் போகிறார் என்று தெரிந்த அன்றைக்கு, நீங்கள் பத்தாம் வகுப்புக்குத் தவளையின் இதயத்தைப் படம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். சேதியைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, மிச்சத்தையும் போட்டு முடித்தீர்கள்.

நான் கொதித்துப்போனேன். "வாங்க, நானும் வாரேன். ரெண்டு பேருமாப் போயி அந்த சார்கிட்ட வெவரமாச் சொல்லிப் போடலாம். எங்க ஊர்ல வேண்டாமுன்னா வேணும்னு அர்த்தமுங்கன்னு சொல்றேன்."

"வேண்டாமுங்க டீச்சர்."

"எனக்கொண்ணும் சிரமமில்லீங்க."

"கேட்டு வாங்குனா மரியாதையாங்க? விடுங்க."

"நான் மட்டும் போயிப் பேசிட்டு வரட்டுங்களா?"

"எதுக்குங்க. விடுங்க டீச்சர்."

விட்டேன். இத்தனை முறை சொன்ன பிறகு அது நிஜமான வேண்டாம் என்று நினைத்தேன். அதே மண்ணில் பிறந்தவள் நான், எனக்குமா தெரியாது என்று ஒரு மிதப்பு.

அந்தக் கோடையில் நம் இருவருக்கும் பேப்பர் திருத்தும் வேலை. தகரக் கூரை போட்ட பெரிய ஹால். மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, கொட்டு கொட்டென்று கொட்டியது மழை. எல்லோரும் ஜன்னல் பக்கம் ஓடினார்கள். நீங்கள் மட்டும் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் இருந்தீர்கள். தகரச் சத்தத்தில் உங்கள் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது.

"இப்ப எந்திரிச்சிருக்குமுங்க."

அவ்வளவுதான். பேனாவை எடுத்து அடுத்த பேப்பரைத் திருத்த ஆரம்பித்தீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சளி பிடித்ததுபோல மூக்கைச் சிந்திச் சமாளித்தேன். அந்தச் சார் அதே வருடம் மாற்றலாகி வடக்கே போய்விட்டார். கோடைத் திட்டத்துக்கு மறுபடி நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. நான் விண்ணப்பித்தேன், போனேன், நன்றாகவும் இருந்தது. அங்கே ஒவ்வொரு நாளும் இது உங்கள் நாற்காலி என்றுதான் தோன்றியது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தேனே, அன்றைக்குத்தான் தைரியம் வந்தது. உங்கள் மகள் டிபன் வாங்கப் போயிருந்தாள். நீங்கள் மெலிந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தீர்கள். கண் மட்டும் பழைய கண்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னைக்கு நான் போயி சார்கிட்டப் பேசட்டுங்களான்னதுக்கு வேண்டாமுன்னீங்களே. அது நெசமாவே வேண்டாமுங்களா?"

வெட்கப்பட்டதுபோல ஒரு சிரிப்பு.

"இன்னொரு தடவை கேப்பீங்கன்னு பாத்தேனுங்க."

குறை சொல்லும் குரல் இல்லை அது. காப்பி ஆறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னீர்கள். அந்த வெளியூர்க்காரருக்கு நம் பேச்சு புரியவில்லை என்று எத்தனை வருடம் அவரைக் கரித்துக் கொட்டியிருப்பேன்!

இப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். வேண்டாம் என்று அவர்கள் கும்பிட்டாலும் நான் விடுவதில்லை. "அம்மா, அவங்களுக்கு நெசமாலுமே வேண்டாமாமா" என்று பையன் தலையில் அடித்துக்கொள்கிறான். இருக்கட்டும். தேவையில்லாத பத்துப் பேருக்குக் காப்பி ஊற்றிக் கொட்டினாலும் எனக்குக் கவலை இல்லை. ஒரே ஒருத்தரிடம், இன்னும் ஒரே ஒரு முறை கேட்டிருக்க வேண்டும் டீச்சர். கேட்காமல் வந்துவிட்டேன்.

உங்கள்
டீச்சர்