காற்றில்லாமல் சுற்றும் காற்றாடி

ஜனவரி 9

காற்றாடியை ஏற்றியாயிற்று. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் பட்டறையின் கூரைமேல், இரும்புக் குழாயில் நிற்கிறது. சுற்றினால் மின்சாரம் தரும் மோட்டார், யாரோ தூக்கிப்போட்ட ட்ரெட்மில்லிலிருந்து எடுத்தது. இறக்கைகள் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் அறுத்துச் செய்தவை. லிஃப்ட் மெக்கானிக்காக ஊராரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கியவன், ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஏணியில் நானே ஏறி இறங்குகிறேன்.

வேடிக்கைக்காகச் செய்யவில்லை. என் மனைவிக்கு நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சுவிட முடியாது என்று ஆகிவிட்டது. தெருக் கம்பியில் வரும் மின்சாரமோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். வீட்டு மாடியில் சோலார் தகடுகள் இருக்கின்றன, மாடிப்படிக்குக் கீழே பேட்டரிகள். வெயில் காலத்துக்கு அது போதும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் தகடுகள் தண்டச்சோறுதான். அதற்காகத்தான் காற்றாடி.

அதற்கு ஒரு டயோடு போட்டிருந்தேன். காற்றாடியிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் வரலாம், திரும்பிப் போகக்கூடாது. ஒருவழிக் கதவு மாதிரி. தொட்டால் கை சுட்டது. வருகிற கொஞ்சத்தையும் சூடாக்கி வீணடிக்கிறதே என்று கழற்றி வைத்துவிட்டேன். கழற்றியதும் காற்றாடிக்கு வேகம் கூடிவிட்டது. என்னைத் தட்டிக்கொடுக்க யாரும் இல்லை என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

இவள் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினோம். படுத்தபடியே காற்றாடி தெரிகிறது.

ஜனவரி 14

மூட்டம் இறங்கிவிட்டது. துவைத்த துணி மூன்றாவது நாளாகக் கொடியில் ஈரமாகத் தொங்குகிறது, ஒரு முனைகூட அசையாமல்.

ஜனவரி 17

ஒரு பொட்டுக் காற்று இல்லை. காற்றாடி சுற்றுகிறது.

முதலில் கவனித்தவள் என் மைத்துனி. அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்து எங்களோடு இருக்கிறாள். எதையும் லேசில் நம்பமாட்டாள். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, "அத்தான், காத்தே இல்லாம அது எப்படிச் சுத்துது?" என்றாள்.

"உயரத்துல காத்து இருக்கும்மா. உனக்கும் எனக்கும் தெரியாது, அதுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சந்தேகம். பக்கத்து வீட்டில் குப்பை எரித்த புகை கம்பம் நட்டதுபோல் நேராக நின்றது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். காற்றாடிக்குப் பின்னால் போய் நின்றால், முகத்தில் குளுகுளுவென்று காற்று. ஆக, உயரத்தில் இருக்கத்தான் செய்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், நான்கு ஆம்பியர். பழைய மீட்டர், திரையின் இடது ஓரம் கருத்துப்போனது. எண் தெரிந்தால் போதாதா? நிம்மதியாக இறங்கினேன்.

இறங்கி நின்று கையை நீட்டிப் பார்த்தேன். எதுவும் படவில்லை. கூரைக்கும் தரைக்கும் ஓர் ஆள் உயரத்துக்குமேல் கொஞ்சம்தான். அவ்வளவு கணக்காக அங்கே மட்டும் ஒரு காற்றா?

ஜனவரி 20

இவள் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்புவதே இல்லை. நாள் முழுக்க ஜன்னல்.

"ஏங்க, அது நம்ம பக்கமே பாத்துட்டிருக்கே, கவனிச்சீங்களா?"

உண்மைதான். காற்றடித்த நாட்களில் திசைக்குத் திசை திரும்பும். மூட்டம் வந்ததிலிருந்து இவள் ஜன்னலையே பார்த்து நிற்கிறது.

"அது சுத்தறதப் பாத்துக்கிட்டே மூச்சு விட்டா, விடறதே தெரியல. அது ஓடற வரைக்கும் நானும் ஓடுவேன்."

கிறுக்கச்சி என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 22

விடியும் நேரத்தில் இன்வெர்ட்டர் கத்துகிறது. பேட்டரி காலியாம். எப்படி? மெஷினைத் தவிர எதுவும் ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டி போட்டாயா என்று மைத்துனியிடம் எரிந்து விழுந்தேன். "இந்த வீட்டுல யாரு சீவிச் சிங்காரிச்சிட்டு எங்க போறாங்க அத்தான்? எட்டு நாளாக் கசங்கின துணியத்தான் போட்டிருக்கேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். தெருக் கம்பியில் நேற்றிலிருந்து சுத்தமாக மின்சாரம் இல்லை.

வேறு எதுவோ குடிக்கிறது. வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து யோசித்தேன். மெஷின் சத்தம். இவள் மூச்சு. பின்னால், லேசாக, அந்த இறக்கைகளின் விசுக் விசுக்.

ஜனவரி 24

பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் வாசலோடு நின்று பேசினார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு இலை ஆடல. இது மட்டும் ஆடுது. எங்க பசங்க பின்பக்கம் போகவே மாட்டேங்குதுங்க. மேல ஒரு சாக்காவது போட்டு மூடுங்களேன்."

மூடமுடியாது, அதுதான் என் மனைவிக்கு மூச்சு என்றேன். அவர் காற்றாடியை ஒருமுறை பார்த்தார், எங்கள் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். அப்புறம் போய்விட்டார்.

ஜனவரி 26

விடியக்காலையில மெஷின் நின்னுபோச்சு. சத்தமே இல்லாமப் போனதுலதான் முழிச்சேன். அவ வாயத் தொறந்து தொறந்து மூடறா, உதடு நீலமா — மைத்துனி ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கிட்டு வர்றா, அதைத் திறக்கற திருகு எனக்குக் கிடைக்கல, என் சொந்த வீட்டுத் திருகு எனக்குக் கிடைக்கல —

கிடைத்தது. மூச்சு வந்துவிட்டது.

அந்த நேரத்திலும் அவள் கண் ஜன்னலில்தான். அந்தக் காற்றாடி எதுவும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் பல்பு எரியக்கூட மின்சாரம் இல்லை, அதற்கு மட்டும் எங்கிருந்து? முதல்முறையாக அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஜனவரி 27

எலெக்ட்ரிகல் கடைக்காரரிடம் புது மீட்டர் இரவல் வாங்கி வந்து வைத்தேன். நான்கு ஆம்பியர். முன்னால் ஒரு கழித்தல் குறி.

கருத்துப்போன அந்த இடது ஓரத்தில்தான் இத்தனை நாளும் அது ஒளிந்திருந்தது. மின்சாரம் வரவில்லை, போய்க்கொண்டிருந்தது. அந்த ஒருவழிக் கதவைக் கழற்றி வைத்தவன் நானல்லவா? பேட்டரிதான் மோட்டாரைச் சுற்றியிருக்கிறது. மேலே என் முகத்தில் பட்ட காற்று, அது கிளப்பிய காற்று. நான் கூரைமேல் ஒரு மின்விசிறியை மாட்டி வானத்துக்கு விசிறியிருக்கிறேன், இவள் மூச்சை எடுத்து.

டயோடைத் திரும்பப் போட்டேன். இறக்கைகள் கொஞ்ச தூரம் போய், நின்றன.

பேய் இல்லை, பிசாசு இல்லை. ஒரு மடையன்தான்.

ஜனவரி 29

மெஷின் விடிய விடிய ஓடுகிறது. மூட்டத்திலும் தகடுகள் தருவது கஞ்சத்தனமாகப் பிடித்தால் போதுமானதாக இருக்கிறது. நான் துள்ளிக் குதிக்கவேண்டும்.

இவள் சாப்பிடவில்லை. "நின்னுடுச்சு" என்றாள், அவ்வளவுதான். காற்று இல்லை, வந்ததும் சுற்றும் என்றேன். "முன்னாடியும் இல்ல. அப்ப சுத்துச்சு." உன் மூச்சைத்தான் அது குடித்தது என்று எந்த வாயால் சொல்வேன்? சூப்பை ஆறவிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

பிப்ரவரி 1

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். காற்றாடியின் அச்சில் நைலான் கயிறு சுற்றி, கூரையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இழுத்தேன். மத்தியானம் முழுக்க. ஜன்னலிலிருந்து நான் தெரியமாட்டேன். காற்றாடி சுற்றியது. மீட்டரில் பூஜ்யம்தான், என் கைவேகம் பேட்டரிக்கு எந்த மூலைக்கு?

இறங்கி வந்தபோது இவள் அரைக் கிண்ணம் சூப் குடித்திருந்தாள். மைத்துனி என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு எண்ணெய் தடவிவிட்டாள்.

பிப்ரவரி 3

கயிறு. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது. அவள் இன்று எழுந்து உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 5

இவள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். "இனி புதுசா எதுவும் செய்ய வேண்டாம். பக்கத்துல இருங்க" என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பஸ் கிடைக்காமல் வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. மத்தியானம் போய்விட்டதே, காற்றாடியைச் சுற்றவில்லையே என்று வழி முழுக்க அதே நினைப்பு. உள்ளே நுழைந்தால் இவள் தெளிவாக உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னிக்கு ரொம்ப நேரம் சுத்துனீங்க. கை வலிக்கலையா?"

ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரியுமாம். அதைக் கேட்டு வெட்கப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் அப்போது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மைத்துனியைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் பார்த்திருக்கிறாள். "நீங்க பின்வாசல் வழியா வந்து மேல ஏறிட்டீங்கன்னு நினைச்சேன் அத்தான்." என் முகத்தைப் பார்த்ததும் அவள் கைவேலை நின்றுபோனது.

பிப்ரவரி 6

டயோடு சரியாக இருக்கிறது. ஒயரை ஒவ்வோர் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டேன். பேட்டரியிலிருந்து ஒரு துளி மேலே போக வழியில்லை. கயிறு பட்டறைக்குள் நான் மாட்டிய ஆணியில், நான் போட்ட சுருக்கோடு. பட்டறைச் சாவி என் சட்டைப்பையில். காற்று? கொடியில் துணி அப்படியே தொங்குகிறது.

மடையன்தான் என்று எழுதியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுவும் போயிற்று.

பிப்ரவரி 8

கயிற்றை எடுக்கப் போனவனை இவள் கூப்பிட்டாள். "மேல போகாதீங்க. எத்தனை நாளா மேலயே இருக்கீங்க. இங்க வந்து உக்காருங்க. அது பாட்டுக்குச் சுத்தும்."

உட்கார்ந்தேன். அவள் கை என் கைக்குள். இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் ஓர் இறக்கை அசைந்தது. அப்புறம் நிதானமாக, விசுக் விசுக் என்று.

மைத்துனி மாடிப்படிக்குக் கீழே போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"வருது அத்தான். கழித்தல் இல்ல. நாலு, உள்ள வருது."

எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் என்று கால் துடித்தது. இவள் விரல்கள் கொஞ்சம் இறுகின. நான் போகவில்லை. பட்டறைக்கூரையில் யார் இருந்தாலும் இருக்கட்டும். நான் இருக்கவேண்டிய இடம் இது.

பிப்ரவரி 9

பக்கத்திலேயே இருக்கிறேன். சுற்றுகிறது.

பிப்ரவரி 13

இருக்கிறேன்.

மார்ச் 2

ஆக்சிஜன் மெஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். ஜன்னலோரக் கட்டில் காலியாகக் கிடக்கிறது. மைத்துனி ஊருக்குப் போகாமல் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மூட்டம் கலைந்துவிட்டது. காலையிலிருந்து பேய்க்காற்று. கொடியில் போட்ட போர்வை பறந்து டிரைவர் வீட்டுச் சுவரில் கிடந்தது. அவர் பையன்தான் பின்பக்கமாக வந்து கொடுத்துவிட்டுப் போனான். மரங்கள் வளைகின்றன, ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது. காற்றாடி அசையவில்லை.

ஏறிப் பார்த்தேன். துரு இல்லை, இறுக்கம் இல்லை. விரலால் தள்ளினால் சுற்றுகிறது. விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. சட்டையெல்லாம் படபடக்க அதன் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றேன். பிறகு கீழே இறங்கிவிட்டேன்.