ஒரு விரல் அகலத் துணி

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு புண்ணியத்துக்கு வரலாம். யாத்திரை போன எபேசு பட்டணத்தில், இரண்டாயிரம் வருஷத்துக் கல் கக்கூசில் குந்தியிருந்து படம் எடுக்கப் போய், உங்கள் தம்பியின் காற்சட்டை பின்பக்கம் முழுதாகக் கிழிந்தது. நீளக் கல்லில் வரிசையாகத் துளை. பட்டணத்துப் பெரிய மனுசர் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை பேசிய இடமாம். இங்கே தமிழர் கூடும் லா சப்பல் கடைத்தெரு ஆட்களுக்கென்றே கட்டியது போல இருந்தது. கயிறு கட்டி மறித்திருந்தார்கள். அதைத் தாண்டும்போதுதான் அந்தச் சத்தம். கூட வந்த பங்குச் சுவாமி வானத்தைப் பார்த்தார். "இருபத்தெட்டு வருஷமா இந்த மனுசனோடை நான் படுற பாடு" என்று ஜெனிற்றா பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னாள். உங்களுக்குக் காது கேளாமற் போனதில் ஒரே நன்மை, என் மனைவியின் குரல் பேசாலை வரைக்கும் வராது.

நாற்பது பேர் போனோம். அதில் ஒருவர் குகதாசன் அண்ணை, ரூ பஜோல் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். பிள்ளையார் கோயில் தேர் முடிந்த கையோடு, நெற்றியில் திருநீறு, தோளில் கோயில் சால்வை.

"அண்ணை, இது எங்கட வேதக்கார ஆக்களின்ரை யாத்திரை" என்றேன்.

"ஓம், தெரியும். தாய்க்காரியைப் பாக்க வாறவனை ஆர் மறிக்கிறது?"

பத்மு தீவில் யோவான் உலக முடிவைக் கண்ட குகைக்கும் போனோம். அவர் காட்சி கண்டு எழும்பினார், நான் முழங்கால் பிடித்து எழும்பினேன்.

இனி நீங்கள் காத்திருக்கும் சங்கதி. எபேசுக்கு மேலே மலையில் மாதா வீடு இருக்கிறது. சின்னக் கல்வீடு. சிலுவையடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயை யோவான் கூட்டிவந்து வைத்திருந்த இடமாம். கீழே ஒரு நீளச் சுவர். உலகத்துத் தாய்மாரெல்லாம் கட்டிவிட்ட துணிகள், ஆயிரக்கணக்கில். நீங்கள் கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய உங்கள் மகன் யோனின் சேட்டில் வெட்டிய துணியை அங்கே கட்டினேன். இரண்டு முடிச்சு. அவன் காணாமற்போன பதினாறு வருஷமாக அந்த நீலக் கோடு போட்ட சேட்டை ஒருவரையும் தொடவிடாத நீங்கள், இதற்காக அதில் கத்தரிக்கோல் வைத்திருக்கிறீர்கள். அதை நினைத்தபோது எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

உங்கள் தம்பி,
ரேமண்ட்

*

பேசாலை
1 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கக்கூஸ் கதையை மட்டும் நாலு தரம். ஜெனிற்றாவுக்கு மோட்சத்தில் தனி இடம் உண்டு.

கட்டிவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். சரி. ஒவ்வொரு வருஷமும் ஆத்துமாக்கள் திருநாள் வரும்போது எங்கள் கோயில் சுவாமி கேட்பார், "அம்மா, மற்றவையின்ரை பேரோடை யோனின்ரை பேரையும் வாசிப்பமே" என்று. செத்தவர்கள் பட்டியலில் என் பிள்ளைக்கு என்ன வேலை என்று திரும்பி வந்துவிடுவேன். இந்த முறை சுவாமிக்கு முன்னால் ஒரு நேர்த்தி வைத்தேன். அவன் சேட்டில் ஒரு துண்டு மாதாவின் கையில் போய்ச் சேர்ந்தால், இனி அவன் அவவின் பொறுப்பு, பெயரைத் தந்துவிடுவேன் என்று.

நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நவம்பர் இரண்டாம் திகதிப் பூசையில் வாசிப்பார்கள். அதன் பிறகு அவனுக்கென்று ஒரு பிடி அரிசி கூடப் போடாமல் உலை வைக்கப் பழக வேண்டும்.

உன் மூட்டுக்கு வேப்பெண்ணெய் பூசு.

அக்கா,
மரியநாயகி

*

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

இது இரண்டாம் திகதிக்கு முன் உங்கள் கைக்கு வர வேண்டும். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

காற்சட்டைக் கதையை அவ்வளவு நீட்டி எழுதியது, அதற்குப் பின்னால் நடந்ததை மறைக்கத்தான். உங்கள் துணி அந்தக் காற்சட்டைப் பையில் இருந்தது. பஸ்ஸுக்குள் நான் வேறு மாற்ற, ஜெனிற்றா கிழிந்ததை எபேசு வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். அவளில் பிழை இல்லை. பையைப் பார்க்காதவன் நான். மலையில், சுவருக்கு முன்னால் நின்று பையில் கை வைத்தபோதுதான் தெரிந்தது. பஸ்ஸைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சினேன். நேரமில்லை என்று சாரதி கையை விரித்தான்.

குகதாசன் அண்ணை என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். அவர் தோளில் கிடந்த சால்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு கீலம் கிழித்துத் தந்தார்.

"இதைக் கட்டு. பிள்ளையாரும் ஒரு தாயின்ரை பிள்ளைதான்."

இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியது அதைத்தான்.

லா சப்பல் சாறிக் கடையில் இருபது வருஷமாகத் துணி வெட்டிக் கொடுக்கிறவன் நான், அக்கா. ஒரு விரல் அகலத் துணியைக் காப்பாற்றத் தெரியவில்லை. நீங்கள் மனம் ஆறட்டும் என்று பொய் எழுதினேன். அந்தப் பொய்யை வைத்து அவன் பெயரைக் கொடுப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் நேர்த்தி நிறைவேறவில்லை. பெயரைத் திரும்ப வாங்குங்கோ.

உங்கள் கோயில் சுவாமிக்குப் போன் எடுத்துச் சொல்லச் சொன்னாள் ஜெனிற்றா. இதை இன்னொருவர் உங்கள் காதுக்குள் கத்திச் சொல்வதை நினைக்க என்னால் முடியவில்லை. ஏசி எழுதுங்கோ. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதேங்கோ.

ரேமண்ட்

*

பேசாலை
3 நவம்பர் 2025

என் தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மழைக்குள் குடையும் எடுக்காமல் கோயிலுக்குப் போனேன். "சுவாமி, பேரை வெட்டுங்கோ. தம்பி துணியைத் துலைச்சுப்போட்டான்" என்றேன். அவர் பேப்பரை எடுத்துக் கோடு போட்டார். "ரேமண்டுக்கு எப்பவும் விளையாட்டுத்தான்" என்று என் காதுக்குள் கத்தினார். ஊரில் உன் பெயர் கொஞ்சம் கெட்டுப்போயிற்று, பொறுத்துக்கொள்.

நேற்றுப் பூசையில் முன்வரிசை வாங்கில் குந்தியிருந்து சுவாமியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு பெயர் வாசித்ததாகப் பிறகு சொன்னார்கள். யோனின் பெயருக்கு அவர் உதடு குவியவில்லை. வீட்டுக்கு வந்து, அவனுக்கும் சேர்த்து உலை வைத்தேன்.

குகதாசனுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. ஜெனிற்றாவை ஏசாதே. உன்னையும் ஏசிக்கொள்ளாதே. சுவாமிக்குச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன், கிழித்துப்போட்டுவிடு. அன்று சேட்டை விரித்துக் கத்தரிக்கோலும் வைத்தேன். கை போகவில்லை. அதே மாதிரி நீலக் கோடு போட்ட துணி ஒன்று சந்தையில் வாங்கி, பழசாய்த் தெரியட்டும் என்று ஆறு தரம் தோய்த்து, அதில்தான் உனக்கு ஒரு விரல் அகலம் வெட்டி அனுப்பினேன். மாதா கவனிக்கமாட்டா என்று நினைத்தேன். கட்டிவிட்டேன் என்று நீ எழுதியதும், பெயர் கொடுக்காமல் இருக்க, சுவாமியிடம் சொல்ல எனக்கு ஒரு சாட்டும் இல்லாமற் போயிற்று.

அவன் சேட்டு முழுசாக இருக்கிறது. இன்று மழை விட்டபடியால் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன்.

அக்கா