ஆற்றோர நிலமும் இளைத்துப்போன பவுண்டும்

சிக்னெட், டாஸ்மேனியா
3 டிசம்பர் 1967, ஞாயிறு

என் கண்ணான லோர்னாவுக்கு,

ஆம்ப்ரோஸ் சித்தப்பா எழுதுகிறேன். நானும் ஐடா சித்தியும் கோழிகளும் நலம், நீயும் அந்த லண்டன் குளிரில் கம்பளிச் சட்டைக்குள் குறைவில்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். எடுத்து நாலு நாளாகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துப்போட்டேன், கிழித்த காகிதத்தை அடுக்கினால் வெலிங்டன் மலை உயரம் வரும். சித்தி பொறுக்கமாட்டாமல், "அந்தப் பொண்ணுகிட்ட உண்மைய எழுதறதுக்கு இத்தன காகிதமா? ஒரு வரி போதுமே, நான் முட்டாள்னு எழுதி ஒட்டி அனுப்புங்க" என்றாள். ஒரு வரியில் முடிகிற முட்டாள்தனம் இல்லை இது, லோர்னா, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு நினைவிருக்கும், ஆகஸ்ட் மாதம் நீ எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி வார்டில் இரவும் பகலும் நின்று நானூறு பவுண்டு சேர்த்துவிட்டேன் சித்தப்பா, நம் பணத்தில் அது சரியாக ஆயிரம் டாலர், தெல்மா அம்மாள் ஆற்றோர நிலத்துக்குச் சொன்ன விலையும் ஆயிரம்தான், இப்போதே அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்பதும் நினைவிருக்கும். நெப்போலியனையே பார்த்துச் சிரித்த பணம் பவுண்டு, நம் டாலர் போன வருஷம் பிறந்த குழந்தை, இன்னும் பல்கூட முளைக்கவில்லை, இந்தக் குழந்தை கையில் உன் பணத்தை எதற்கு இப்போதே கொடுக்கிறாய், லண்டனிலேயே கிடக்கட்டும், வட்டியாவது சேரும், தெல்மா புத்தாண்டு வரைக்கும் தவணை கொடுத்திருக்கிறாளே என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன். எழுதிவிட்டு, என்னமாய் எழுதியிருக்கிறேன் என்று சித்திக்குப் படித்தும் காட்டினேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "அவ கேட்டது அனுப்பட்டுமான்னு. நீங்க நெப்போலியன எதுக்குக் கூப்பிட்டீங்க" என்றாள். அவள் பேச்சை அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

அதோடு நிறுத்தினேனா, இல்லை. செப்டம்பரில் ஹோபார்ட்டிலிருந்து ஏஜெண்ட் வந்தான், வரும் பருவத்து ஆப்பிளுக்கு ஒப்பந்தம் போட. பெட்டிக்கு இவ்வளவு என்று விலை பேசி முடித்ததும், பணம் டாலரில் வேண்டுமா பவுண்டில் வேண்டுமா, எது வேண்டுமோ காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றான். தெல்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். புருஷன் போன பிறகு தோட்டத்தைத் தனியாகப் பார்க்கிறவள், பிப்ரவரித் தீயில் அவளுடைய பெட்டி கட்டும் கொட்டகையும் நம்முடையதைப் போலவே சாம்பலாகிப்போனது, புதுக் கொட்டகைக்கு ஒவ்வொரு பலகையாக விலை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பவுண்டு என்றேன், ராணி என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போல. அவளும் பவுண்டு என்று கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலமே, பெட்டிக்குப் பெயர் அச்சுக் குத்தும் மையை எடுத்து, நம் புதுக் கொட்டகைக் கதவில் ஆளுயரத்துக்கு ஒரு பவுண்டுச் சின்னம் எழுதினேன். இங்கே பருவத்து விலையைக் கதவில் எழுதி வைப்பது வழக்கம்தானே, ஆனால் அந்தச் சின்னம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். இப்போதும் தெரிகிறது.

நவம்பர் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சுக்குப் போகச் சவரம் செய்துகொண்டிருந்தேன், ரேடியோவில் சொன்னார்கள், பவுண்டின் மதிப்பை ஏழில் ஒரு பங்கு குறைத்துவிட்டார்கள் என்று. தாடையில் கீறிக்கொண்டேன், ஆனாலும் பயப்படவில்லை, ஏனென்றால் நாற்பத்தொன்பதிலும் இப்படித்தான் பவுண்டு விழுந்தது, நம் பணமும் கூடவே விழுந்தது, இரண்டும் சேர்ந்து விழுந்ததால் யாருக்கும் ஒரு பொத்தான்கூடக் குறையவில்லை. சர்ச்சு வாசலில் என்னைச் சுற்றி இருபது பேர். நாய் போகிற இடத்துக்குக் குட்டியும் போகும், நாளைக்கே கான்பெராவும் நம் டாலரைக் குறைத்துவிடும், போய் நிம்மதியாக ஆட்டுக்கறி வறுத்துச் சாப்பிடுங்கள் என்று எல்லோரையும் ஆசீர்வாதம் செய்து அனுப்பினேன். பாதிரியாரைவிட நான்தான் அன்று அதிக நேரம் பேசினேன். திங்கட்கிழமை ராத்திரி கான்பெராவிலிருந்து செய்தி வந்தது, நம் டாலர் நின்ற இடத்திலேயே நிற்கும், குறைக்கப்போவதில்லை என்று. குட்டி போகவில்லை, லோர்னா. பல் முளைக்காத குழந்தை என்று நான் சொன்னேனே, அது எழுந்து நின்றுவிட்டது, நெப்போலியனைப் பார்த்துச் சிரித்தது உட்கார்ந்துவிட்டது.

உனக்கு லண்டனில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது, உன் பையில் இருக்கும் பவுண்டுக்கு அதே ரொட்டி, அதே பஸ் டிக்கெட். கடலைத் தாண்டி இங்கே வரும்போதுதான் அது இளைத்துப்போகிறது. உன் நானூறு இன்றைக்கு எண்ணூற்று ஐம்பத்தேழு டாலர். நூற்று நாற்பத்து மூன்று டாலரை நான் கடலில் போட்டுவிட்டேன், நீ எத்தனை இரவு கண்விழித்துச் சம்பாதித்ததோ அது. ஆப்பிள் கதை அதற்கும் மேல். நமக்கும் தெல்மாவுக்கும் ஒப்பந்தக் காசில் ஏழில் ஒரு பங்கு போச்சு, ஆனால் கூலியும் பலகையும் ஆணியும் நம் டாலரில்தான் கொடுத்தாக வேண்டும். நியூஸிலாந்துக்காரர்கள் நம்மை மாதிரி நிற்கவில்லை, பவுண்டைவிட அதிகமாகவே குறைத்துக்கொண்டார்கள், அதனால் அவர்களுடைய ஆப்பிள் லண்டன் சந்தையில் நம்முடையதைவிட மலிவாக விற்கும், அங்கே நெல்சன் பக்கத்தில் ஆப்பிள் மரங்களே கைகோத்து ஆடுகின்றன என்று கேள்வி. இங்கே வங்கியில் இரண்டு நாள் பவுண்டுக்கு விலை சொல்லவே மாட்டேன் என்றார்கள். ஏஜெண்ட் ஊர் ஊராக உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரிகிறான், அடுத்து விழப்போவது அமெரிக்க டாலர் என்கிறான், ஆளாளுக்குத் தங்கம் வாங்குகிறார்களாம். கான்பெரா விவசாயிகளுக்கு ஏதோ ஈடு கொடுக்கும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் நம்பு என்றும் சொல்லவில்லை, நம்பாதே என்றும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தெல்மா வந்தாள். நான் காக்ஸ் ஆப்பிள் மரத்தில் பிஞ்சு கலைத்துக்கொண்டிருந்தேன், ஏணியிலிருந்து இறங்கவே மனம் வரவில்லை. கீழே நின்று, "ஏன் ஆம்ப்ரோஸ், உன் நெப்போலியன் ஏதாவது சொல்லி அனுப்பினானா?" என்றாள். நான் இன்னொரு பிஞ்சைக் கிள்ளிப் போட்டேன். "இங்கிலாந்து டிராக்டரெல்லாம் இனிமே மலிவா வருமாம். நல்ல சேதிதான். வாங்கத்தான் காசில்ல" என்றாள். அப்புறம் குரலை இறக்கி, ஹோபார்ட்டிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து ஆற்றோர நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனதையும், வாரக்கடைசிக்கு வந்து தங்க ஒரு வீடு கட்டப்போகிறேன், ஆயிரம் டாலரை ரொக்கமாகத் தருகிறேன் என்றதையும் சொன்னாள். "ஆப்பிள்ல போனத நான் எதுல எடுக்கிறது? லோர்னாவுக்குன்னு வச்சிருந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா விலையக் குறைக்க என்னால முடியாது, ஆம்ப்ரோஸ். முடிஞ்சிருக்கும், நான் டாலர்னு எழுதியிருந்தா" என்றாள். அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நூறு சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்ன பிறகு ஏணியில் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

உனக்கு நான் இதுவரை சரியாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த நிலம் உன் அப்பா கிளெமுக்கு வந்த பங்கு. அவன் நியூகினிப் போரில் விழுந்தபோது நீ தொட்டிலில் இருந்தாய். ஐம்பத்திரண்டில் கருப்புப் புள்ளி நோய் விழுந்து மொத்தப் பழமும் வீணானபோது தெல்மாவின் புருஷனுக்கு அதை விற்றேன். உனக்காகத்தான் விற்றேன், பள்ளிக்கூடச் செலவு என்று ஊரெல்லாம் சொன்னேன், பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நான் ஒரு கார் வாங்கினேன், அந்த வாக்ஸ்ஹால், டச்சஸ் என்று பெயர் வைத்தேனே, அது. பத்து வயதில் நீ அதன் பின் சீட்டில் உட்கார்ந்து ராணி மாதிரி கையசைப்பாய், உன் அப்பாவின் நிலத்தில் உட்கார்ந்துதான் கையசைக்கிறாய் என்று உனக்குத் தெரியாது. ஒரே நிலத்தை இரண்டு தடவை தொலைத்த மனுஷன் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவன்தான், இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

புதன்கிழமை டச்சஸை ஓட்டிக்கொண்டு ஹோபார்ட் போனேன், பஸ்ஸில் திரும்பி வந்தேன். நூற்றுப் பத்து டாலர் கிடைத்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்ததை வாங்கினவன் பார்க்கவில்லை. பணத்தை நேராகத் தெல்மா கையில் கொடுத்தேன், லோர்னா பேரில் முன்பணம் என்று. அவள் இரண்டு முறை எண்ணினாள், பிறகு மேஜையில் உட்கார்ந்து ரசீது எழுதினாள், ஆஸ்திரேலிய டாலர் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். பல் டாக்டருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுகிறேன், ஜனவரி கடைசி வரைக்கும் பொறுப்பேன் என்றாள். மிச்சம் முப்பத்து மூன்று டாலருக்கு நான் கடன் சீட்டு எழுதித் தருகிறேன் என்றேன். "உன் எழுத்து வேண்டாம். மார்ச்ல வந்து என் தோட்டத்துல பழம் பறி. மத்தவங்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. ஒரே ஒரு நிபந்தனை, பறிக்கும்போது பேசக்கூடாது" என்றாள். உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த அவள் தங்கை சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது. ரசீது இந்த உறைக்குள் இருக்கிறது, பத்திரமாக வை.

உன் நானூறை இப்போதே அனுப்பலாமா, பவுண்டு கொஞ்சம் தெளியட்டும் என்று காத்திருக்கலாமா என்று நீ கேட்பாய். சொல்ல நாக்கு துடிக்கிறது, இதை எழுதும்போதுகூட இரண்டு வரி எழுதிவிட்டு அடித்துவிட்டேன், அதை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. உன் ஆஸ்பத்திரிப் பக்கத்து வங்கியில் கேள், உன்னோடு வேலை செய்யும் பெண்களிடம் கேள், கடைசியில் உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். தெல்மாவுக்கு நீயே நேராக ஒரு கடிதம் எழுது. என் பேச்சை அதில் சேர்க்காதே, அது அவளே கேட்டுக்கொண்டது. நீ இந்த நிலத்தை வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம், அதற்கும் உனக்கு உரிமை இருக்கிறது, முன்பணத்தை அவள் திருப்பித் தந்துவிடுவாள், எனக்கு அல்ல, உனக்கு.

கிறிஸ்துமஸ் புட்டிங்குக்குள் ஒளித்து வைக்கச் சித்தி பழைய மூன்று பென்னிக் காசுகளைத் தேடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள், இந்த வீட்டில் பழைய பணத்துக்கு மிச்சமிருக்கும் கௌரவமான வேலை அது ஒன்றுதான். உன் பங்குத் துண்டை வெட்டி ஜன்னலோரம் வைப்போம், வழக்கம் போல நான்தான் தின்பேன். கதவில் இருக்கும் சின்னத்தை அழிக்கச் சித்தி சொல்கிறாள், நான் அழிக்கவில்லை, மார்ச்சில் தெல்மா தோட்டத்துக்குப் போகும்போது தினமும் அதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். இரவு வேலையில் சாப்பிடாமல் இருக்காதே, காலுக்கு நல்ல பூட்ஸ் வாங்கு, அதற்குப் பவுண்டு இன்னும் போதும். உன் அப்பா இருந்து ஆசீர்வதிக்க வேண்டியதையும் சேர்த்து நாங்கள் இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம், நீ நினைத்த இடத்தில் நினைத்த வீட்டைக் கட்டி நூறு வருஷம் இரு. ஒவ்வொரு கடிதத்திலும் ஹியூவன் பள்ளத்தாக்கின் சக்கரவர்த்தி, பவுண்டின் பரம்பரைக் காவலன் என்று கையெழுத்துப் போடுவேன். இந்தத் தடவை,

மார்ச் மாதம் தெல்மா அம்மாள் தோட்டத்தில் வாயைத் திறக்காமல் பழம் பறிக்கப்போகும் கூலியாள்,
உன் சித்தப்பா
ஆம்ப்ரோஸ்