பெயர் எழுதாத கட்டம்

மதினி,

உங்கள் மஞ்சப்பை என் மேசை மேல் கிடக்கிறது. எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் அந்துருண்டை வாசம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. நீங்கள் போன முப்பதாம் நாள், உங்களுக்கு முப்பது கும்பிட்ட அன்று அண்ணன் இதை என்னிடம் நீட்டி, "இந்தக் குப்பையெல்லாம் ஒனக்குத்தான் புரியும்" என்றார். குப்பையாம். ஒன்றரை வருடம் நாம் இருவரும் வெயிலில் அலைந்து சேர்த்த காகிதங்கள்.

கோத்தகிரியிலிருந்து செல்வம் வந்து நின்றது நினைவிருக்கிறதா? இடுப்பில் மூன்று வயது மகள், தலை நிறைய முடி. குலதெய்வம் எதுவென்று தெரியாததால் பிள்ளைக்கு முதல் மொட்டை போடவில்லை என்றான். நம் பூட்டனின் தம்பி கருப்பையா, மனைவி காளியம்மாளோடு கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவே இல்லை. பிற்பாடு கண்டியிலிருந்து கோத்தகிரிக்குத் திரும்பிய குடும்பம் தன்னுடையது, தான் அவர்களுடைய கொள்ளுப்பேரன் என்று சொல்லி இரண்டு தாள்களின் ஜெராக்ஸைக் கொடுத்தான். அவர்கள் மகனுடைய தாளில் தகப்பன் பெயர் கருப்பையா. காளியம்மாளின் தோட்டப் பதிவிலோ கணவன் பெயர் வெள்ளைச்சாமி.

பெரியப்பாவுக்கு அது போதும். "ஆத்தா ஒண்ணு சொல்றா, மகன் ஒண்ணு சொல்றான். நம்ம பாகப் பத்திரத்துல வெள்ளைச்சாமின்னு எவனும் கெடையாது. எவனோ பேரை மாத்தி ஒட்டிக்கிட்டு வாரான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நீங்கள் விடவில்லை. "வந்தவளுக்கு எதுக்கு எங்க வம்சத்துக் கணக்கு?" என்று அவர் கேட்டபோது, "வந்தவதான் மாமா ஒங்க வம்சத்தைப் பெத்துப் போட்டவ" என்றீர்கள். டி. கல்லுப்பட்டி வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனோம்.

பத்திர நகல், பள்ளிக்கூடப் பதிவு, கோயில் வரிப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வெள்ளைச்சாமி எங்குமே இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீங்கள் அதைத்தான் பேசினீர்கள்: "பேரு தப்பா இருக்கலாம் புள்ள, பெத்த பிள்ளை தப்பாகுமா?" முடிக்காமல் போய்விட்டீர்களே என்று உங்கள் மேல் எனக்குக் கோபம்தான். இப்போதும் இருக்கிறது.

பையின் அடியில் உங்கள் வாக்காளர் அட்டைத் திருத்தப் படிவம் கிடந்தது. பெயர், வயது, கதவு எண் எல்லாம் உங்கள் உருண்டைக் கையெழுத்தில். கணவர் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி. "ஒங்கண்ணன் பேரை நீ எழுது புள்ள" என்று அன்று பேனாவை என்னிடம் நீட்டினீர்கள். "எழுதினா கை என்ன வெந்தா போயிரும்?" என்றேன். "வாயி சொல்லாததைக் கை சொல்லலாமா?" என்றீர்கள். நான் பிடிவாதமாக எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை.

அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று பிடிபட்டது. தாயும் மகனும் வேறு வேறு பெயர் சொல்லவில்லை மதினி. மகன் சொன்னான். தாய் சொல்லவே இல்லை.

உடனே செல்வத்துக்குப் போன் போட்டேன். "காளியம்மாளோட தாளை அடி வரைக்கும் போட்டோ எடுத்து அனுப்பு தம்பி." நம்மிடம் இருந்த ஜெராக்ஸில் கடைசி இரண்டு வரி விழவே இல்லை. படம் வந்தது. ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி: வெள்ளைச்சாமி. புருஷன் பெயர் கேட்டதற்குக் காளியம்மாள் வாய் திறந்திருக்கமாட்டாள். பக்கத்தில் நின்ற கங்காணியின் பெயரையே எழுதி, எழுதியவர் வேலையை முடித்திருக்கிறார். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, குலசாமிக்குப் போடும் மாசிப் படைப்பு பற்றிப் பேசப் பெரியப்பா வீட்டில் பங்காளிகள் கூடினார்கள். கட்டிக்கொடுத்த பிள்ளை, எனக்கு அங்கே பேச்சில்லை. இருந்தும் போனேன். தாளைக் காட்டினேன். "அதெப்படி, சர்க்கார் ஆளு கேட்டா சொல்லாமலா இருப்பா?" என்றார் பெரியப்பா.

காப்பித் தட்டோடு வந்த பெரியம்மாவைப் பார்த்தேன். "பெரியம்மா, பெரியப்பா பேரு என்ன? எல்லாரும் கேக்க ஒருதடவை சொல்லுங்க."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "போடி கூறுகெட்டவளே" என்றார். நான் விடவில்லை; சர்க்கார் ஆள் கேட்பதாக நினைத்துச் சொல்லச் சொன்னேன். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். காப்பி ஆறியது. பெரியம்மா தலை நிமிரவே இல்லை.

பெரியப்பா தன் மனைவியைப் பார்த்தார். பிறகு, "படைப்புக்கு அவுகளையும் பங்காளியாச் சேத்து அரிசி போடுங்கப்பா" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது முடி இடுப்புக்கு வந்துவிட்டது. மாசியில் நம் சாமி முன்னால் மொட்டை. நீங்கள் இருந்திருந்தால் உங்கள் மடியில்தான் உட்காரவைத்திருப்போம்.

உங்கள் படிவத்தை நான் நிரப்பவில்லை. அப்படியே பைக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் பங்காளிப் பட்டியலைப் புதிதாக எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆண்கள் பெயர் மட்டும் போடுவதுதான் வழக்கமாம். கருப்பையாவுக்குப் பக்கத்தில் காளியம்மாளை எழுதினேன். அண்ணனுக்குப் பக்கத்தில் உங்களை. படைப்பன்று அதைச் சாமி முன்னால் உரக்கப் படிக்கவேண்டும். நான்தான் படிக்கப்போகிறேன் மதினி. என் அண்ணன் பெயரைச் சொல்ல உங்களுக்குத்தான் கூச்சம். உங்கள் பெயரைச் சொல்ல எனக்கென்ன?